சிசர் லிஃப்ட் பேட்டரிகள் இரண்டாவது கோடையைத் தாண்டாதது ஏன்: ஓசூர் – சூளகிரிப் பகுதி வாடகை யார்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி, உயரத்தில் வேலை செய்யும் மின்மேடைகளை வாடகைக்கு விடும் யார்டு ஒன்று இயங்கி வருகிறது. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி எனச் சிப்காட் வளாகங்கள் விரிந்துகொண்டிருக்கும் இம்மாவட்டத்தில் புதிய தொழிற்கூடம் ஒன்று எழும்போதெல்லாம் தீயணைப்புக் குழாய், கேபிள் தட்டு, குளிர்காற்றுக் குழாய், மின்விளக்கு ஆகியவற்றைக் கூரைக்குக் கீழே பொருத்தும் வேலைக்கு, கத்தரிக் கைகளால் மேடையை உயர்த்தும் சிசர் லிஃப்ட் தேவைப்படுகிறது. தருமபுரி வரையுள்ள கட்டுமான இடங்களுக்கும் இந்த யார்டிலிருந்தே இயந்திரங்கள் போகின்றன. நிறுவனத்தின் பெயரை அவர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே குறிப்பிடவில்லை.

யார்டின் சிக்கல் எளிதாகச் சொல்லக்கூடியது. மூன்று ஆண்டுகளாவது உழைக்க வேண்டிய பேட்டரிகள் இரண்டாவது கோடை முடிவதற்குள் வலுவிழந்தன. இயந்திரங்களில் பெரும்பாலானவை 24 வோல்ட் அமைப்பு கொண்டவை. 6 வோல்ட், 225 ஆம்பியர்-மணி அளவுள்ள நான்கு ஈய-அமில பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றின் எடை சுமார் 28 கிலோ. பேட்டரி மாற்றும் செலவைவிட, வாடிக்கையாளரின் இடத்தில் இயந்திரம் நின்றுபோவதும் அதற்காக ஆள் அனுப்புவதும் வாடகை நாளை இழப்பதும் அவர்களை அதிகம் பாதித்தன.

எங்களை அழைத்தபோது உரிமையாளர் ஏறத்தாழ முடிவெடுத்துவிட்டிருந்தார். போச்சம்பள்ளியில் ஓலாவும் ஓசூரில் ஏதரும் டிவிஎஸ்ஸும் மின் ஸ்கூட்டர்களைத் தயாரிக்கும் மாவட்டம் இது. லித்தியம் பேட்டரி என்பது இங்கே யாருக்கும் புதிய செய்தி அல்ல. பேட்டரி பேக் சேர்த்துக் கொடுக்கும் சிலர் யார்டுக்கே வந்து, இருக்கும் இயந்திரங்களில் ஈய-அமிலத்தை எடுத்துவிட்டு லித்தியம் வைத்துத் தருவதாக விலை கொடுத்திருந்தார்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பராமரிப்பே வேண்டாம் என்ற உறுதிமொழி அதில் இருந்தது. பணத்தைப் போடுவதற்கு முன், பழைய பேட்டரிகள் எதனால் செத்தன என்பதைக் கண்டறிவதே எங்களுக்குத் தரப்பட்ட வேலை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது மிகச் சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறோம். காரணம் தெரியாமல் பேட்டரியின் வகையை மாற்றியிருந்தால், அதே காரணம் புதிய பேட்டரியையும் வேறு வடிவில் பாதித்திருக்கும்.

மேடை தரையிலேயே நின்றது ஏன்

ஆப்பரேட்டர்கள் எல்லாரும் ஒரே அறிகுறியைத்தான் சொன்னார்கள். பர்கூர் பக்கம் ஓர் இடத்தில் வேலை செய்யும் இளைஞர் அதை இப்படி விவரித்தார்: "சார், காலையில ஃபுல் கோடு காட்டுது. தரையில ஓட்டினா நல்லா ஓடுது. மேல ஏத்துற பட்டனை அமுக்கினதும் ஒரு கோடுக்கு இறங்கிக் கத்த ஆரம்பிச்சிடுது." பேட்டரி முழுதாக இருந்தால் மேடை ஏன் ஏறவில்லை, காலியாக இருந்தால் வண்டி எப்படி ஓடியது என்பது அவருடைய நியாயமான ஐயம்.

விடை சிசர் லிஃப்டின் வடிவத்திலேயே இருக்கிறது. மேடை முழுதும் தாழ்ந்திருக்கும்போது கத்தரிக் கைகள் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கின்றன. ஹைட்ராலிக் சிலிண்டர் கொடுக்கும் தள்ளுவிசையில் மிகச் சிறிய பகுதியே மேல்நோக்கிய விசையாகக் கிடைக்கிறது. ஆகவே முதல் அடி உயர்வதற்குத்தான் எண்ணெய் அழுத்தம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. பம்ப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. கைகள் நிமிர நிமிரச் சுமை குறைகிறது. இதை ஆற்றலின் அளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 230 கிலோவை 6 மீட்டர் உயர்த்துவதற்கு இயற்பியல் கணக்குப்படி வேண்டிய ஆற்றல் 4 வாட்-மணிகூட இல்லை. மேடையின் சொந்த எடையையும் எண்ணெய், பம்ப் இழப்புகளையும் சேர்த்துப் பல மடங்காக்கினாலும், 5,400 வாட்-மணி கொள்ளளவு கொண்ட பேட்டரித் தொகுதிக்கு அது சிறு தொகைதான். தட்டுப்பாடு கொள்ளளவில் இல்லை. அந்த ஓரிரு நொடிகளில் பெருமளவு மின்னோட்டத்தை வோல்டேஜ் சரியாமல் கொடுக்கும் திறனில்தான் இருக்கிறது.

பேட்டரியின் உள்மின்தடை இங்கேதான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. தொகுதியின் உள்மின்தடை 20 மில்லி-ஓம் வரை ஏறிவிட்டால், 150 ஆம்பியர் இழுக்கும்போது 3 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். சும்மா நிற்கும்போது 24 வோல்ட்டுக்கு மேல் காட்டும் தொகுதி, பம்ப் ஓடும்போது 21 வோல்ட்டுக்குச் சரிகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் குறைந்த பேட்டரி என்று புரிந்துகொண்டு ஏற்றத்தைத் தடுக்கிறது. சமதளத்தில் மெதுவாக ஓட்டுவதற்கு இவ்வளவு மின்னோட்டம் தேவையில்லை என்பதால் அதில் குறை தெரிவதில்லை. உயரே ஏறிய பின் இது நிகழ்ந்தாலும் மேடையை இறக்குவதில் பெரிய இடர் இல்லை. இறக்கம் புவியீர்ப்பால் நடப்பது, வால்வைத் திறக்க மட்டுமே சிறிது மின்சாரம் வேண்டும், அதுவும் போனால் அடிச்சட்டத்தில் கையால் இழுக்கும் அவசர இறக்க வசதி இருக்கிறது. அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று கீழே நிற்கும் உதவியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வோர் இடத்திலும் வலியுறுத்திச் சொன்னோம்.

கிராவிட்டி அளவுகள்

யார்டில் பேட்டரியைச் சோதிப்பது என்றால் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜ் பார்ப்பது என்றே வழக்கமாகியிருந்தது. சார்ஜரைக் கழற்றியவுடன் எடுக்கும் வோல்டேஜ், தகட்டின் மேற்பரப்பில் மட்டும் தேங்கிய மின்னேற்றத்தால் உயர்வாகவே காட்டும். அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. செல் செல்லாக ஹைட்ரோமீட்டரால் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அமிலத்தின் அடர்த்தி, எடுப்பதே ஈய-அமில பேட்டரியை நேர்மையாக அறியும் வழி. முழு சார்ஜில் இவ்வகை பேட்டரியின் அமிலம் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். பாதி சார்ஜில் அது ஏறக்குறைய 1.190 முதல் 1.200 வரை இருக்கும். வெப்பநிலைத் திருத்தமும் செய்ய வேண்டும்: 27 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.0007 கூட்டிக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்ற இயந்திரத்தில் இது புறக்கணிக்கத்தக்க அளவு அல்ல.

வேலை இடங்களிலிருந்து முழு சார்ஜ் என்று சொல்லித் திரும்பிய இயந்திரங்களில் பெரும்பாலான செல்கள் 1.200-க்கும் 1.225-க்கும் இடையே நின்றன. ஒரே தொகுதிக்குள் நான்கு பேட்டரிகளும் ஒத்துப்போகவில்லை. புதியதும் பழையதும் கலந்து மாற்றப்பட்ட தொகுதிகளில் வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்தது. தொடர் இணைப்பில் மிக நலிந்த செல்தான் மொத்தத் தொகுதியின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பதால், பழுதான ஒன்றை மட்டும் மாற்றும் பழக்கம் சிக்கனமாகத் தோன்றினாலும் உண்மையில் புதியதையும் சேர்த்துக் கெடுக்கிறது.

கிராவிட்டி குறைவாக இருப்பதற்கு மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். பேட்டரி சார்ஜ் ஆகாமல் இருக்கலாம். அமிலம் அடுக்கடுக்காகப் பிரிந்து, அடர்ந்தது அடியிலும் நீர்த்தது மேலேயுமாக நிற்கலாம், ஹைட்ரோமீட்டர் மேலிருப்பதை மட்டுமே உறிஞ்சுகிறது. அல்லது தகட்டில் படிந்த ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, சார்ஜ் செய்தாலும் திரும்பக் கரையாத நிலைக்குப் போயிருக்கலாம். இவற்றைப் பிரித்தறியாமல் பேட்டரியைக் குப்பைக்கு அனுப்புவது நட்டம். எல்லாத் தொகுதிகளுக்கும் யார்டிலேயே முதலில் இடையறாத முழு சார்ஜும், அதன் பின் செல்லுக்கு ஏறத்தாழ 2.58 வோல்ட், அதாவது 24 வோல்ட் தொகுதிக்கு 31 வோல்ட் அளவில், எல்லாச் செல்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் சமப்படுத்தும் சார்ஜும் கொடுத்தோம். அந்த வோல்டேஜில் எழும் குமிழிகள் அமிலத்தைக் கலக்கிவிடுகின்றன. கணிசமான பேட்டரிகள் 1.260-க்கு மேல் எழுந்தன. அவற்றின் குறை சார்ஜ் போதாமையும் அடுக்குப் பிரிவும்தான். ஏனையவை எவ்வளவு நேரம் கொடுத்தும் 1.230-ஐத் தாண்டவில்லை; அவை சல்பேட் ஏறியவை, மீட்கத் தக்கவை அல்ல. கழிக்கப்படவிருந்த குவியலிலேயே பயன்படும் பேட்டரிகள் இருந்தன என்பதை யார்டின் மெக்கானிக்குகள் தம் கையாலேயே அளந்து பார்த்தது, பின்னால் நாங்கள் சொன்ன எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது.

சார்ஜ் எங்கே நின்றுபோனது

அப்படியானால் இரவு முழுதும் சார்ஜரில் இருந்த இயந்திரங்கள் ஏன் நிரம்பவில்லை? இதற்கான விடை யார்டில் கிடைக்கவில்லை. வேலை இடங்களில்தான் கிடைத்தது. கட்டுமானத்தில் இருக்கும் தொழிற்கூடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிரந்தர மின் இணைப்பு வந்திருக்கவில்லை. காண்ட்ராக்டரின் டீசல் ஜெனரேட்டர்தான் எல்லாவற்றுக்கும் மின்சாரம். ஆப்பரேட்டர் மாலை வேலை முடிந்ததும் சார்ஜரைச் செருகிவிட்டுப் போகிறார். கடைசிக் குழு கிளம்பியதும் காவலாளி ஜெனரேட்டரை நிறுத்திவிடுகிறார். காலையில் ஆப்பரேட்டர் வரும்போது ஜெனரேட்டர் மீண்டும் ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜரின் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். நடுவே இரவு முழுதும் மின்சாரம் இல்லை என்பதை அவர் அறிய வழியே இல்லை. இணைப்பு வந்துவிட்ட இடங்களிலும் பாதுகாப்புக் கருதி இரவில் தற்காலிக மின்பலகையைப் பூட்டிவிடும் வழக்கம் இருந்தது. யாரும் தவறிழைக்கவில்லை, அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகவே செய்திருக்கிறார்கள். பேட்டரிக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எவர் பொறுப்பிலும் இல்லை.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது எளிது. 225 ஆம்பியர்-மணி தொகுதி 70 சதவீதம் தீர்ந்து வந்திருக்கிறது என்று கொள்வோம். 25 ஆம்பியர் சார்ஜர், 80 சதவீத நிலை வரை முழு மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. 30-இலிருந்து 80 சதவீதத்துக்கு வர ஏறத்தாழ நாலரை மணி நேரம் ஆகும். அதன் பின் வோல்டேஜ் நிலையாகி, மின்னோட்டம் படிப்படியாகக் குறைந்து, எஞ்சிய 20 சதவீதத்தை நிரப்புவதற்கு மேலும் அதே அளவு நேரம் வேண்டும். ஈய-அமில பேட்டரியின் ஆயுளைக் காப்பது இந்தக் கடைசி மணி நேரங்கள்தான். தகட்டில் புதிதாகப் படிந்த மென்மையான சல்பேட் அப்போதுதான் முழுதாகக் கரைகிறது, குமிழிகள் எழுந்து அமிலம் கலப்பதும் அப்போதுதான். மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் ஜெனரேட்டர் நிற்கும் இடத்தில் பேட்டரி ஒருநாளும் அந்தக் கட்டத்தை எட்டவில்லை. கரையாமல் எஞ்சியது நாளுக்கு நாள் கெட்டிப்பட்டு, சில வாரங்களில் மீளாத படிகமாகிவிடுகிறது. இதற்கு மேல், ஜெனரேட்டரிலிருந்து இயந்திரம் வரை மெல்லிய வயரை நீளமாக இழுத்திருந்த இடங்களில் சார்ஜருக்கு வந்து சேர்ந்த வோல்டேஜே குறைவு. பழைய மின்மாற்றி வகைச் சார்ஜர்களில் அது நேரடியாக வெளியீட்டைக் குறைத்துவிடுகிறது.

யார்டின் பதிவேட்டை இந்தக் கோணத்தில் மறுபடியும் படித்தபோது ஐயம் நீங்கியது. இயங்கிக்கொண்டிருக்கும் ஆலைகளுக்குள் பராமரிப்பு வேலைக்காக நீண்ட கால வாடகைக்குப் போன இயந்திரங்களில், அதே தயாரிப்பு பேட்டரிகள் குறிப்பிடத்தக்க அளவு அதிகம் உழைத்திருந்தன. அங்கே மின்சாரம் இரவும் பகலும் இருந்தது.

தண்ணீர், வெயில், தார்ப்பாய்

முதன்மைக் காரணம் அதுவே என்றாலும் துணைக் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடுக் கேட்டினால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்கே வந்தது. குடிப்பவருக்கு ஃபுளோரைடு எமன் என்றால், பேட்டரிக்குக் கேடு செய்பவை போர் தண்ணீரில் உள்ள குளோரைடும் இரும்பும் சுண்ணமும் ஆகும். குளோரைடு தகட்டின் ஈயச் சட்டத்தை அரிக்கிறது. இரும்பு, பேட்டரியைச் சும்மா நிற்கும்போதே தீர வைக்கிறது. வேலை இடங்களில் டிஸ்டில்டு வாட்டர் கேன் தீர்ந்ததும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். குடிக்கத் தக்கது என்பதால் பேட்டரிக்கும் தக்கது என்று நினைப்பது இயல்பே; ஆனால் ஐ.எஸ். 1069 என்ற இந்தியத் தரநிலை பேட்டரி நீருக்கு வைக்கும் வரம்புகள் குடிநீருக்கு உரியவற்றைவிடப் பன்மடங்கு கடுமையானவை.

ஊற்றும் நேரமும் தவறாக இருந்தது. சார்ஜுக்கு முன் கழுத்து வரை நிரப்பிவிட்டுச் செருகினால், சார்ஜில் விரிவடையும் அமிலம் மூடி வழியே வழிந்துவிடும். மறுநாள் அந்த இழப்பைத் தண்ணீரால் ஈடு செய்கிறார்கள். இப்படியே அமிலம் வெளியேற வெளியேற, கிராவிட்டி நிரந்தரமாகத் தாழ்கிறது, பேட்டரித் தட்டும் கேபிள் முனை லக்குகளும் அரிக்கப்படுகின்றன. தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு மட்டும் முதலில் ஊற்றி, முழு சார்ஜ் முடிந்த பின் உரிய மட்டத்துக்கு நிரப்புவதே முறை.

ஓசூர் பீடபூமியின் மிதமான காலநிலையில் இருந்து அதே இயந்திரம் ஏப்ரலில் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ இறங்கும்போது, தகரக் கூரையின் கீழ் அதன் பேட்டரிப் பெட்டி 40 டிகிரியைத் தொடுவது வியப்பல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. வெப்பம் கூடும்போது சார்ஜ் வோல்டேஜைச் செல்லுக்கு டிகிரிக்கு ஏறத்தாழ 4 மில்லி-வோல்ட் குறைக்க வேண்டும். 12 செல் கொண்ட தொகுதிக்கு 15 டிகிரி வேறுபாட்டில் அது 0.7 வோல்ட் ஆகிறது. யார்டின் பல சார்ஜர்களில் இதற்கான வெப்ப உணரி கழன்றோ அறுந்தோ போயிருந்தது. ஆகவே மின்சாரம் இருந்த இடங்களில் கோடையில் தண்ணீர் வேகமாக வற்றியது. மின்சாரம் இல்லாத இடங்களில் சல்பேட் ஏறியது.

தார்ப்பாய் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இது பேட்டரியின் ஆயுளைப் பற்றியது அல்ல, மனிதரின் உயிரைப் பற்றியது. தூசிக்கும் மழைக்கும் பயந்து, சார்ஜில் இருக்கும் இயந்திரத்தைத் தார்ப்பாயால் இறுக மூடி வைத்திருந்தார்கள். சார்ஜின் இறுதிக் கட்டத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டம் ஓடினாலே, செல்லுக்கு ஆம்பியர்-மணிக்கு 0.42 லிட்டர் என்ற கணக்கில், 12 செல்களிலிருந்து மணிக்கு 25 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவருகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கும் கலவை. பெட்டிக் கதவைத் திறந்து வைத்து, காற்றோட்டமான இடத்தில், வெல்டிங் பொறி விழாத தொலைவில்தான் சார்ஜ் நடக்க வேண்டும். ஜெனரேட்டர் இரவில் நின்றுபோனதால் மட்டுமே இதுவரை விபத்து நேராமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எங்களை உலுக்கியது. சார்ஜ் நேரத்தை நீட்டிக்கச் சொல்வதற்கு முன்பே தார்ப்பாயை எடுக்கச் சொன்னோம்.

லித்தியத்துக்கு மாறுவது பற்றி

இவ்வளவையும் கேட்ட உரிமையாளர், அப்படியென்றால் லித்தியமே விடை அல்லவா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அரைகுறைச் சார்ஜில் நின்றால் கெடுவதில்லை. சொல்லப்போனால் அதற்கு அதுவே உகந்தது. மதிய உணவு நேரத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது கிடைக்கும் ஒரு மணி நேரச் சார்ஜும் அதற்குப் பயன்படும். தண்ணீர் வேண்டாம், ஹைட்ரஜன் இல்லை, கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், ஆயிரக்கணக்கான சுழற்சிகள் உழைக்கும். வோல்டேஜ் ஏறக்குறையக் கடைசி வரை சரியாமல் நிற்பதால் மேடை மாலையிலும் காலை போலவே ஏறும். ஜெனரேட்டரை நம்பிய இடங்களுக்கு இது பொருத்தமான வகை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆனால் விலைப்பட்டியலில் இருந்தது, லித்தியத்துக்காக வடிவமைக்கப்பட்ட இயந்திரம் அல்ல. ஈய-அமிலத்துக்காக வடிவமைக்கப்பட்ட இயந்திரத்தில் லித்தியத்தை வைப்பது. இவை இரண்டும் வெவ்வேறு. உயரே செல்லும் மேடையில் பேட்டரியின் எடை, இயந்திரத்தைக் கவிழாமல் நிறுத்தும் எடையின் ஒரு பகுதி. நான்கு ஈய-அமில பேட்டரிகள் 112 கிலோ. அதே பணிக்கான லித்தியம் பேக் 50 கிலோ அளவில் முடிந்துவிடும். ஏறக்குறைய 60 கிலோ, அதுவும் இயந்திரத்தின் மிகத் தாழ்ந்த இடத்திலிருந்து, குறைகிறது. சக்கரத்தடத்தின் பாதி அகலம் 0.35 மீட்டர் என்று கொண்டால், கவிழ்வதற்கு எதிரான திருப்புவிசையில் சுமார் 200 நியூட்டன்-மீட்டர் இழப்பு. ஏழு மீட்டர் உயரத்தில் ஒருவர் 30 நியூட்டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளுவதற்கு அது சமம். 1,500 கிலோ இயந்திரத்தில் இது 4 சதவீதம்தான், உடனே கவிழ்ந்துவிடாது என்று வாதிடலாம். அந்த வாதம் தவறும் அல்ல. எனினும் இயந்திரத்தின் சுமை எல்லை, சாய்வு எச்சரிக்கை, காற்று வரம்பு, மேடையில் இருப்பவரின் கைத்தள்ளல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளர் சோதித்துச் சான்றளித்தது அந்த 60 கிலோவோடுதான். அது இல்லாத இயந்திரத்தை எவரும் சோதித்ததில்லை. ஒரு தொழிலாளியை அதில் ஏற்றி அனுப்பும் உரிமை யார்டுக்குக் கிடையாது. தயாரிப்பாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இன்றி இத்தகைய மாற்றம் செய்யக் கூடாது என்பதையே இத்தகைய மேடைகளுக்கான அமெரிக்க ஏ92 தரநிலைகளும் கூறுகின்றன. நீளும் கையின் நுனியில் மேடை கொண்ட மின் பூம் லிஃப்ட்களில் நிலைமை இன்னும் கடுமையானது: 48 வோல்ட்டுக்கு எட்டு பேட்டரிகள், 220 கிலோவுக்கு மேல், கை வெளியே நீளும்போது எதிர் எடையாகவே கணக்கில் சேர்க்கப்பட்டவை. அவற்றில் இம்மாற்றத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று கண்டிப்பாகக் கூறினோம்.

எடையைச் சரிக்கட்ட இரும்புத் தகடு வைத்துவிடலாம் என்று பேக் சேர்ப்பவர் ஒருவர் சொன்னார். தகடு எங்கே, எப்படிப் பொருத்தப்படுகிறது, அது கழன்று விழாது என்பதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு அவரிடம் வரைபடம் இல்லை.

எடை தவிர மின் அமைப்பிலும் பொருந்தாமை இருந்தது. விலை கொடுக்கப்பட்ட பேக் ஒன்றின் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு) எனும் பாதுகாப்புச் சுற்று 100 ஆம்பியருக்கு உரியது. பம்ப் தொடங்கும்போது அதைவிட அதிகம் இழுக்கும் என்பதை மேலே பார்த்தோம். ஈய-அமில பேட்டரி வலுவிழக்கும்போது மெதுவாகி எச்சரிக்கிறது, பி.எம்.எஸ். துண்டித்தால் இயந்திரம் முன்னறிவிப்பின்றி அந்தரத்தில் முழுதாக அணைந்துவிடும். இயந்திரத்தில் இருக்கும் கோடு காட்டும் மீட்டர் வோல்டேஜை வைத்துக் கணிப்பது. லித்தியத்தின் வோல்டேஜ் கடைசி வரை மாறாததால் அந்த மீட்டர் மாலை வரை முழுக்கோடு காட்டிவிட்டுத் திடீரென்று பூஜ்யத்துக்கு விழும். பழைய சார்ஜரின் சமப்படுத்தும் வோல்டேஜ் லித்தியத்துக்கு ஆகாது; எட்டுச் செல் பேக்கின் மேல் வரம்பு செல்லுக்கு 3.65 வீதம் 29.2 வோல்ட்தான். ஆகவே பேட்டரி, சார்ஜர், மீட்டர், கட்டுப்பாட்டுப் பெட்டி நான்கும் ஒன்றையொன்று அறிந்து பேசுமாறு தயாரிப்பாளரே கொடுக்கும் இயந்திரம்தான் லித்தியம் இயந்திரம். அத்தகையவை இப்போது சந்தையில் இருக்கின்றன. ஜேஎல்ஜி நிறுவனத்தின் டாவின்சி போன்றவை ஹைட்ராலிக் எண்ணெயையே விட்டுவிட்டு முழுதும் மின்சாரத்தால் ஏறி, இறங்கும்போது ஆற்றலை மீட்டுக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டன.

எடுக்கப்பட்ட நடவடிக்கைகள்

முதலில் மாற்றப்பட்டது வாடகை ஒப்பந்தம். இரவில் இடையறாத பத்து மணி நேர மின்சாரத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பு என்ற வரி சேர்க்கப்பட்டது. அதைத் தர இயலாத இடங்களுக்கு, வாரத்தில் ஒரு முறை இயந்திரம் அல்லது பேட்டரித் தொகுதி யார்டுக்கு வந்து முழு சார்ஜும் சமப்படுத்தலும் பெற்றுச் செல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. போக்குவரத்துச் செலவு கூடினாலும் நின்றுபோன இயந்திரத்தைத் தேடிப் போவதைவிட அது குறைவு. அனுப்பும் ஒவ்வொரு சார்ஜரின் இணைப்பிலும் மின்சாரம் இருந்த மணி நேரத்தைக் கணக்கிடும் சிறு மீட்டர் பொருத்தப்பட்டது. காலையில் ஆப்பரேட்டர் பச்சை விளக்கை மட்டும் பார்க்காமல் அந்த எண்ணையும் எழுத வேண்டும். வாய்ச்சொல்லாக யாரையும் குறை கூற வேண்டிய தேவை அதோடு போய்விட்டது. இரவு எத்தனை மணிக்கு ஜெனரேட்டர் நின்றது என்பதை எண்ணே சொல்லிவிடுகிறது, காண்ட்ராக்டர்களும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

தண்ணீர் முத்திரையிட்ட கேன்களில் யார்டிலிருந்தே போகிறது. அறுந்த வெப்ப உணரிகள் மாற்றப்பட்டன. மீண்டு வந்த பேட்டரிகள் கிராவிட்டி அளவின்படி நான்கு நான்காக ஒத்த தொகுதிகளாக்கப்பட்டு, யார்டுக்கு அருகிலுள்ள எளிய வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டன. மீளாதவை, 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, புதியவற்றைத் தந்த விற்பனையாளரிடமே திரும்பக் கொடுக்கப்பட்டன. வெளியே கூடுதல் விலைக்கு எடுக்க ஆட்கள் வந்தார்கள். திறந்த வெளியில் ஈயம் உருக்கும் கொட்டகைகளுக்கு அவை போய்ச் சேரக்கூடும் என்பதால் உரிமையாளர் மறுத்துவிட்டார்.

அடுத்த கோடை கடந்த பின் எடுத்த அளவுகளில், புதிதாகப் போடப்பட்ட தொகுதிகளின் செல்கள் 1.260-க்குக் கீழே இறங்கவில்லை. ஏற்றத்தின்போது வோல்டேஜ் சரிவும் வரம்புக்குள் இருந்தது. ஒரு விதிவிலக்கு உண்டு: தருமபுரிக்கு அப்பால் ஓர் இடத்துக்கு நீண்ட நாள் போன இரண்டு இயந்திரங்களில் மணி மீட்டர் தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் கீழேயே காட்டியது, வாராந்தரச் சார்ஜும் தொலைவின் காரணமாகத் தவறியது, அவற்றில் கிராவிட்டி மறுபடியும் சரியத் தொடங்கியிருக்கிறது. அந்த வகை வேலைகளுக்காக மட்டும், தயாரிப்பாளரே லித்தியம் பொருத்தித் தரும் சிசர் லிஃப்ட்களை அடுத்த கொள்முதலில் வாங்க யார்டு முடிவு செய்துள்ளது. இருக்கும் இயந்திரங்களில் ஒரு மாதிரிக்கு மட்டும், எதிர் எடையோடு கூடிய லித்தியம் மாற்றுத் தொகுதி கிடைக்குமா என்று தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறார்கள். பதில் எழுத்தில் வரும் வரை அதில் கை வைப்பதில்லை என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.